கூட்டிசைத் தொகுப்பும் அடையாளக் குறியீடுகளும்

பலர் கூடி ஆக்கும் இசைத்தொகுப்பொன்று வெளிவருகையில் மூவகைக் குறியீடுகள் அதனோடு தொடர்புறுகின்றன. இசைப்படைப்பைச் சுட்டுவது சர்வதேச நியம இசைப்படைப்பு இலக்கம். ஒவ்வோர் ஒலிப்பதிவையும் தனித்தனியே சுட்டுவது, 1986இல் சர்வதேச நியமமாக வெளியிடப்பெற்ற, 12 குறிகளைக் கொண்ட ஒலிப்பதிவுக் குறியீடு. விற்பனைப் பண்டமாகிய தொகுப்பைச் சுட்டுவது பட்டைக்குறியீடு. ஒரே பாடலை இருவர் வெவ்வேறாகப் பதிவுசெய்யின் படைப்பிலக்கம் ஒன்றே. ஒலிப்பதிவுக் குறியீடோ வேறுபடும். பதிவின் உடைமை கைமாறினும் அக்குறியீடு மாறுவதில்லை.

ஆயின் அது பதிவு எதுவெனக் காட்டுமேயன்றி, அதில் உழைத்தோர் யாவரெனத் தானே கூறாது. பெயர்விபரங்கள் அதனுடன் இணைக்கப்படல் வேண்டும். இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தை ஐக்கிய அமெரிக்காவின் டிற்றொயிற் நகர வரலாறு உணர்த்தும். 1960களில் மோட்டவுண் நிறுவனத்தின் புகழ்பெற்ற பதிவுகளில் வாசித்த 'ஃபங்க் பிறதர்ஸ்' குழுவினரின் பெயர்கள் தட்டுறைகளில் இடம்பெறாமையே வழக்கமாயிருந்தது. 1971இல் வெளிவந்த மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஒன்' தொகுப்பிலேயே அவர்தம் பெயர்கள் முறையாக அச்சேறின.

பல நாடுகளில் ஒலிபரப்புக்குரிய ஊதியம் இசைஞரைச் சென்றடைவது இத்தகைய பெயர்ப்பதிவைச் சார்ந்தே அமைகின்றது. பெயரற்றவருக்குப் பங்குமில்லை. ஆதலின் பெயர் குறித்தலை வெறும் உபசாரமாகக் கருதாது, வெளியீட்டுக்கு முன்னரே எழுத்தில் நிறைவேற்றவேண்டிய உழைப்புரிமைக் கடமையாகக் கொள்ளுதல் தகும்.