ஈரலுக்கும் இடக்கை வலக்கை தெரியும்

போன மாதம் லாச்சப்பலில் ஒரு கடை வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது, தெரிந்த அண்ணை ஒருவர் நெஞ்சைத் தடவியபடி கேட்டார்: "தம்பி, உன்னட்டை அந்த நெஞ்செரிவுக் குளிசை இருக்கே?" அவருக்குச் சமையல் வேலை. இரவு பன்னிரண்டுக்குத்தான் சாப்பாடு. எங்கட ஆக்கள் கனபேரின் பைக்குள் இந்தக் குளிசை கிடக்கும். நானும் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஸ்தேனுக்கு ரயிலில் திரும்பும்போதுதான் நினைவு வந்தது, அவருக்குப் போன வருடம் இதயக் குழாயில் ஸ்ரென்ற் வைத்தது. ஊரில் இரசாயனம் படித்தவன் நான். எனக்கே அந்த நேரம் ஓடவில்லை!

குளிசையின் பெயர் எசொமெப்ரசோல். அதன் கதையில் பாதி இங்கேதான் நடந்தது. 1848இல் பாரிசின் எகோல் நோர்மாலில் லூயி பாஸ்தர் தாத்தாரிக் அமில வகையொன்றின் உப்புப் பளிங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். ஒன்று மற்றதின் கண்ணாடி விம்பம், இடக்கையும் வலக்கையும் போல. (பழப்புளியின் புளிப்பும் தாத்தாரிக் அமிலம்தான்.) பழைய ஒமெப்ரசோலில் இரண்டு கையும் சரிபாதி. எசொமெப்ரசோல் இடக்கை மட்டும்.

இதைச் செய்வதில் சிக்கலான கட்டம் மூலக்கூறிலுள்ள கந்தகத்தில் ஓர் ஒட்சிசனை ஒட்டுவது. சும்மா ஒட்டினால் பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம் போய்விடும். 1984இல் பாரிசுக்குத் தெற்கே ஓர்சேயில் ஹென்றி ககான் குழுவினர் தைத்தானியத்தையும் தாத்தாரிக் அமிலத்திலிருந்து செய்த பொருளொன்றையும் சேர்த்து, ஒட்சிசனை ஒரு பக்கமாக ஏற்றும் வழியைக் காட்டினார்கள். எசொமெப்ரசோல் அந்த வழியைத் திருத்தித்தான் தயாரானது.

பிறகு புரதத்தின் முறை வந்தது. பிள்ளைகள் இங்கே 'அன்சீம்' என்று படிப்பதை நாங்கள் நொதியம் என்று படித்தோம். மடிந்து சுருண்ட புரதத்தில் ஒரு குழி இருக்கும். இடக்கைக்குத் தைத்த கையுறை போல. பற்றீரியா ஒன்றின் ஒட்சியேற்ற நொதியத்துக்கு இந்த மருந்து மூலக்கூறு முதலில் சரிவரவில்லை. மரபணுவை மாற்றி மாற்றி, நல்லதை மட்டும் தெரிந்து, திரும்ப மாற்றினார்கள். விதைநெல் தெரிவது மாதிரித்தான். கடைசியில் காற்றிலுள்ள ஒட்சிசனையே எடுத்து, ஏறத்தாழ முழுவதையும் இடக்கையாகத் தரும் நொதியம் கிடைத்தது. அமெரிக்காவின் கோடெக்சிஸ் நிறுவனத்தார் 2018இல் இதை வெளியிட்டார்கள். இப்படி நொதியம் வளர்க்கும் முறைக்காக பிரான்சிஸ் ஆர்னோல்டுக்கு நோபல் கிடைத்ததும் அதே வருடம்.

ஆனால் அன்றிரவு என்னைப் பயப்படுத்தியது ஆய்வுகூட நொதியமில்லை, ஈரலிலுள்ளது. சிவைபி2சி19 என்று பெயர். அதுவும் ஒட்சியேற்றும் புரதம், அதுக்கும் கை தெரியும். வலக்கை ஒமெப்ரசோலைக் கெதியாகக் கழித்துவிடும். இடக்கை கூடிய நேரம் இரத்தத்தில் நிற்கும். ஸ்ரென்ற் வைத்தவர்களுக்குக் கொடுக்கிற குளோபிடோகிரல் வேலைசெய்யத் தொடங்குவதற்கும் இதே நொதியம் வேண்டும். ஒமெப்ரசோலும் எசொமெப்ரசோலும் அதை மறித்துவிடும். 2010இல் ஐரோப்பிய மருந்து முகமை இவற்றை ஒன்றாக எடுப்பதைத் தவிர்க்கச் சொன்னது அதனால்தான்.

எங்களுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2003இல் தமிழரிடையே இந்த மரபணுவைப் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். நொதியத்தை முடக்கும் மாற்றம் ஐரோப்பியரைவிட எங்களிடம் இரண்டு மடங்களவில் இருக்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அது வந்தவருக்கு, நெஞ்செரிவுக் குளிசை போடாவிட்டாலும் குளோபிடோகிரல் சரியாக வேலைசெய்யாமல் போகலாம்.

அடுத்தநாள் அண்ணையோடு பார்மசிக்குப் போனேன். ஒன்று விழுங்கியதற்குப் பயப்படவேண்டாம், ஆனால் தொடர்ந்து எடுக்கக்கூடாது என்றார் அங்கிருந்த பெண். பிறகு டொக்டர் பன்டொப்ரசோல் எழுதிக் கொடுத்தார். அது அந்த நொதியத்தை அவ்வளவாக மறிக்காது. மரபணுச் சோதனை பற்றிக் கேட்க இதய டொக்டரிடம் அடுத்த மாதம் ரொந்தேவு. "எனக்கு வாயிலை வராது, பிரெஞ்சிலை எழுதித் தா" என்றார் அண்ணை. துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.