முந்திரிக்காட்டில் தெளித்த நஞ்சு

மீன்சுருட்டியிலிருந்து ஜயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கங்களுக்குச் செல்லுகிறவர்கள் செம்மண் மேடுகளில் முந்திரிக்காடுகளைக் காணலாம். கொள்ளிடத்துக்குத் தெற்கே காவிரி நெல்லை விளைவிக்கிறது; இந்த மேட்டு நிலத்திலோ மழையை மட்டும் நம்பி நின்று குடியானவனுக்குப் பணம் கொடுப்பது முந்திரி மரமே. அதைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஆனால் இதே மரத்தைப் பூச்சியினின்று காப்பதாகச் சொல்லி, மேற்குக் கரையில் காசர்கோடு ஜில்லாவில் செய்யப்பட்ட காரியத்தை இப்பக்கத்து முந்திரிக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு ஜனசமூகத்தின் ஆரோக்கியத்தை அதன் மண்ணும் நீரும் வறுமையும் எவ்வாறு நிர்ணயிக்கின்றன என்பதற்கு நமது தேசத்தில் அதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

காசர்கோட்டில் கேரள சர்க்காருக்குச் சொந்தமான தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் மலைச்சரிவுகளில் பரந்து கிடக்கின்றன. தேயிலைக் கொசு என்னும் பூச்சி தளிரையும் பூவையும் உறிஞ்சி விளைச்சலைக் கெடுப்பதால், 1970-களின் பிற்பகுதி முதல் 2000-ஆம் ஆண்டு வரை, வருஷத்திற்கு இரண்டு மூன்று முறை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் என்ற நஞ்சைத் தெளித்தார்கள். தோட்டத்தின் நடுவிலும் ஓரத்திலும் ஜனங்கள் குடியிருந்தார்கள். அப்பக்கத்தில் கிணறு மட்டுமன்று, மலையைக் குடைந்து நீர் எடுக்கும் சுரங்கங்களும் உண்டு. மேலே விழுந்தது கீழே ஊறி வராமல் எங்கே போகும்? மருந்து தெளிக்கும்போது நீர்நிலைகளை மூடவேண்டும் என்ற விதி காகிதத்தில் இருந்தது. ஒரு மலைக் கிராமத்தின் ஓடைகளையும் சுரங்கங்களையும் எந்தத் துணியால் மூடுவது என்பதை விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

மருந்து என்றோம். நமது பாஷையின் விபரீதங்களுள் இதுவும் ஒன்று. பிணி தீர்ப்பதற்கும் மருந்து என்று பெயர். பூச்சியைக் கொல்லும் விஷத்துக்கும் அதே பெயர். பெயரைக் கேட்டே பாதிப் பயம் போய்விடுகிறது.

என்மகஜே பஞ்சாயத்தைச் சேர்ந்த பத்ரே என்னும் கிராமத்தில் வைத்தியம் செய்துவந்த டாக்டர் மோகனகுமார், சிறு ஊரொன்றில் இத்தனை வலிப்பு நோயும் புத்தி வளர்ச்சிக் குறைவும் பிறவி ஊனமும் ஏன் என்று வியந்து, 1990-களில் அதை எழுத்தில் வெளியிட்டார். அதற்கு முன்பே ஸ்ரீ பத்ரே என்ற பத்திரிகையாளர், கால் கோணிப் பிறந்த கன்றுகளைப் பற்றி எழுதியிருந்தார். லீலாகுமாரி அம்மா என்ற விவசாய இலாகா உத்தியோகஸ்தர் 1998-இல் முன்சீப் கோர்ட்டுக்குச் சென்று, வானத்திலிருந்து நஞ்சு தெளிப்பதற்குத் தடை வாங்கினார். ஒரு வைத்தியர், ஒரு எழுத்தாளர், ஒரு பெண் உத்தியோகஸ்தர்: பெரிய ஸ்தாபனங்கள் மௌனமாயிருந்த காலத்தில் பேசியவர்கள் இவர்களே. அதுவரை அவ்வூரார், தம் குழந்தைகளின் ஊனத்தைத் தெய்வகோபம் என்றும் பூர்வஜன்ம வினை என்றும் எண்ணிக் கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

தேசிய மனித உரிமைக் கமிஷனின் தலையீட்டின்பேரில் ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில் சுகாதார நிலையத்தார் ஆராய்ச்சி செய்தனர். தோட்டத்தை அடுத்த கிராமத்தின் பையன்கள் 117 பேரையும், தெளிப்பு நடவாத வேறு கிராமத்துப் பையன்கள் 90 பேரையும் ஒப்பிட்டதில், முன்னவர்களுக்குப் பருவ வளர்ச்சி பின்தங்கியிருப்பது தெரிந்தது; 2003-இல் அது பிரசுரமாயிற்று. நோய்களுக்கெல்லாம் இந்த நஞ்சே காரணம் என்று நிரூபணமாகவில்லை என வாதிட்ட விஞ்ஞானிகளும் உண்டு. விவாதம் நடப்பது விஞ்ஞானத்துக்கு நல்லதே. ஆனால் நிரூபிக்கும் பாரம் எப்போதும் கிணற்றுநீர் குடித்தவன் தலையில் விழுவதும், சந்தேகத்தின் லாபம் எப்போதும் விற்றவனுக்குக் கிடைப்பதும் எந்த தர்மம்?

2011 ஏப்ரலில் ஜினீவாவில் கூடிய சர்வதேச மாநாடு இந்நஞ்சை உலகெங்கும் ஒழிக்கத் தீர்மானித்தது. அதை முதலில் எதிர்த்து நின்ற தேசங்களில் நம்முடையதும் ஒன்று என்பதை வெட்கத்துடன் குறிப்பிடுகிறோம். மறுமாதம் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இந்தியாவில் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் தடுத்து நிறுத்தியது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்குள் 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி அதே கோர்ட்டு உத்தரவிட்டது. ஐந்து வருஷங்களுக்குப் பிறகு, 2022-இல், வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தபோது, 3,704 பேரில் 8 பேருக்கே பணம் சேர்ந்திருந்தது! அந்த எட்டுப் பேரும் கோர்ட்டுப் படி ஏறியவர்கள்.

பணத்தோடு தீரும் விஷயமுமன்று. எழுந்து நடக்க இயலாத பிள்ளையை வீட்டில் விட்டுத் தாய் கூலிக்குப் போக முடியாது. கூலி போனால் பாலும் முட்டையும் போகும். அடுத்த குழந்தையும் மெலியும். பக்கத்தில் பள்ளியும், படுக்கைப் பிள்ளையை வந்து பார்க்கும் நர்ஸும் இருந்தால் அதே ஊனம் பாதியாகக் குறையும். ஊனம் என்பது உடலிலுள்ள குறையும் சமூகம் எழுப்பும் தடையும் கூடிப் பிறப்பது என்று 2006-இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை கூறியது. மறுவருஷமே நமது சர்க்காரும் அதை ஏற்றுக்கொண்டது. காசர்கோட்டுத் தாய்மார்களுக்கு அவ்வுண்மையை யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

இனி நம் பக்கத்தைப் பார்ப்போம். இங்கே ஹெலிகாப்டர் பறக்கவில்லை. காசர்கோட்டில் நேர்ந்தது இங்கும் நேர்ந்தது என்று நாம் சொல்லவுமில்லை. ஆனால் பூச்சி அதுவே. ஒரு நஞ்சு தடைப்பட்டால் வேறு நஞ்சு கடைக்கு வருகிறது. முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்று மேல்நோக்கி அடிக்கும் கூலிக்காரன்மீது, இலையில் விழுந்ததுபோக மிச்சம் விழுகிறது. டப்பாவின்மேல் நஞ்சின் கடுமையைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறக்குறி அச்சிட்டிருக்கிறார்கள். சிவப்பே மிகக் கொடியது என்பதை அவனுக்கு யாராவது சொன்னார்களா? நிலத்துக்காரர் வீட்டில் குழாய்நீர் வரலாம். அவன் குடிப்பது எங்கே? கொட்டை உடைக்கும் பெண்களின் கதை வேறு. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்களை வெந்து உரிக்கிறது. சாம்பலைப் பூசிக்கொண்டு உடைக்கிறார்கள். பட்டணத்து விருந்துகளில் பாயசத்தில் மிதக்கும் வெள்ளைப் பருப்பு அவ்விரல்கள் வழியாகவே வருகிறது.

முந்திரி பூப்பெடுக்கும் பருவம் தை மாசி. ஜனவரி 26-ந் தேதி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் கிராம சபை கூடுகிறது. எந்த நாளில் எந்தக் காட்டில் தெளிப்பு என்று முன்கூட்டியே தண்டோராப் போடுவது, அன்று குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் ஆடுமாடுகளையும் அப்பக்கம் விடாதிருப்பது, கிணறுகளுக்கு மூடி போடுவது, தெளிப்பவனுக்குக் கையுறையும் முகமூடியும் நிலத்துக்காரரே கொடுப்பது ஆகிய இவற்றை அச்சபையில் தீர்மானமாக்கலாம். இதற்குப் பட்டணத்து உத்தரவு தேவையில்லை. கிராமச் செவிலியர் பிறவி ஊனங்களைத் தனியே ஒரு நோட்டில் ஊர்வாரியாகக் குறித்து வரட்டும். பத்ரேயில் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், இருபது வருஷம் தெளித்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது என்ற நிலை ஏற்பட்டிராது.