உங்களுக்குத் தெரியுமா? கடற்பசுவுக்கு ஒரு காப்பகம்

பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்விலங்குக்கென அமைந்த முதல் காப்பகம் இதுவே. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு, கடலடியில் பூத்து விதை தரும் தாவரமான கடற்புல்லை வேரோடு பறித்துத் தின்று, மேய்ந்த தடத்தை மணலில் நீண்ட பள்ளமாக விட்டுச்செல்லும். பாலூட்டியாதலால் சில நிமிடங்களுக்கொருமுறை மூச்செடுக்க அது மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுத்திணறி இறப்பது அதனால்தான். சில ஆண்டுகளுக்கு ஒரு கன்றே ஈனும் இனத்தில் ஒவ்வோர் இறப்பும் பேரிழப்பாகும். ஆகவே, சிக்கிய கடற்பசுவை வலையறுத்து விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி அளிக்கிறது. அறுபட்ட வலையின் விலையை நோக்க, அது சலுகையன்று, நியாயமே.