காலை எடுக்கணும்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் டீ குடிக்கப் போனால் ‘ஒரு கட்டிங்’ என்றுதான் கேட்போம். பாதி கிளாஸ். பன்னிரண்டு வருஷமாகச் சுகரோடு இருக்கும் அண்ணாச்சிக்கு இப்போது அந்த வார்த்தையே ஆகாது. “கால்ல புண்ண வச்சுக்கிட்டுக் கட்டிங்னு கேட்க நாக்கு வருமா தம்பி?”

போன மாதம் விரலில் ஒரு கொப்புளம் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். ராத்திரி நம்ம ஊர் நர்ஸம்மா ஒருவர் இன்னொருவரிடம், “இவருக்கு நாளைக்குக் காலை எடுத்துடலாம்” என்று சொல்லிவிட்டுப் போக, மனுஷனுக்கு விடிய விடியத் தூக்கமில்லை. விடிந்ததும் வந்து எடுத்தது ரத்தம். ‘காலைல’ என்று ஒரு ‘ல’ சேர்த்திருந்தால் தூங்கியிருப்பார்.

இந்தக் காலைப் பார்க்கிற டாக்டர்களே வார்த்தை விளையாட்டில் கெட்டிக்காரர்கள் என்றேன். அமெரிக்காவில் ‘டோ அண்ட் ஃப்ளோ’ என்பார்கள். 2010இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரைத் தலைப்பாகவே வந்தது. டோ என்றால் கால்விரல், பாத மருத்துவர். ஃப்ளோ என்றால் ஓட்டம், ரத்தக்குழாய் சர்ஜன். சுகர் இரண்டு பக்கமும் அடிக்கிறது. நரம்பு செத்தால் கல் குத்துவது தெரியாது. குழாய் அடைத்தால் குத்திய இடம் ஆறாது. ரத்தம் வராத விரலுக்குத் தினம் கட்டு மாற்றுவது, மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லாதபோது குழாயைத் துடைத்துக்கொண்டிருப்பது மாதிரி. ஆனால் பல இடங்களில் இந்த இரண்டு டாக்டர்களும் வேறு வேறு மாடி. நோயாளி அந்தப் புண் காலோடேயே ஏறி இறங்குவார். எதுகை ஒன்று வந்து இருவரையும் ஒரே கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தியது என்றால் எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

அரிசோனாவின் டூசானில் 2008இல் தொடங்கிய கால் காப்புக் குழுவின் பெயர்ச் சுருக்கம் ‘சால்சா’. நடனம்! ஆடக் கால் வேண்டுமே. 2014இல் வந்த அளவுகோலுக்கு ‘வைஃபை’ என்று பெயர். காயம், ரத்த ஓட்டக் குறைவு, பாதத் தொற்று ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்.

“நமக்கு எத்தனை கோடு காட்டுது?” என்றார் அண்ணாச்சி.

“இந்த வைஃபையில கோடு கூடினா ஆபத்து கூடுது அண்ணாச்சி.”

இவர்கள் இவ்வளவு சிரமப்படத் தேவையில்லை, தமிழில் ‘கால்’ என்ற ஒரு சொல்லே போதும் என்பது என் கட்சி. உறுப்பும் அதுதான், நாலில் ஒரு பங்கும் அதுதான். வடமொழிப் ‘பாத’மும் அப்படியே, மாட்டுங்கா மார்க்கெட்டில் கால் கிலோ பீன்ஸுக்கு ‘பாவ் கிலோ’ என்கிறோமே, அந்தப் பாவ் அதிலிருந்து வந்ததுதான். நாலு கால் மாட்டுக்கு ஒரு கால், கால் பங்கு. கணக்குச் சரி. மனுஷனுக்கு ஒரு கால் போனால் அரை போகிறது.

அண்ணாச்சி சிரித்தார். “எனக்குத்தான் வலியே இல்லையே தம்பி.”

பயமே அங்கேதான். கொல்லிமலையில் பிறந்து, வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளுக்கு அறுவை செய்த பால் பிராண்ட் கண்டுகொண்டது இது: விரல்கள் தேய்ந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம், வலி தெரியாமல் திரும்பத் திரும்பப் படும் அடி. சுகர் காலுக்கும் அதே கதை.

இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஊர்ப் பெயரில் ஒரு சோதனை உண்டு. கருவி எதுவும் வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒன்றிரண்டு விநாடி பூப்போலத் தொட வேண்டும். ஆறில் இரண்டு இடம் தெரியாவிட்டாலே டாக்டரிடம் போக வேண்டும்.

பெஞ்சிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். வலது காலில் மூன்று விரல், இடது காலில் மூன்று. டீக்கடைப் பையன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி,” என்றார் அண்ணாச்சி, கண்ணைத் திறக்காமல். “தொடுதேன்னியே, இன்னும் ஆரம்பிக்கலையா?”