குரலில் குறை இல்லை

எங்கள் கிராமங்களில் மாதர் சங்கம், சிறுசேமிப்புக் குழு, முன்பள்ளி என எத்தனையோ அமைப்புகளைப் பெண்களே கொண்டு நடத்துகிறார்கள். ஆண்டு விழா வந்தால் பந்தல் அலங்காரம், சமையல், வரவேற்பு எல்லாம் அவர்கள் கையில்தான். ஒலிவாங்கி மட்டும் வேறு கைக்குப் போய்விடுகிறது. "என்ர குரல் மைக்கில எடுபடாது பிள்ளை, நீங்களே கதையுங்கோ" என்ற சொல்லை, ஒரு சமூகப் பணியாளராக நான் கேட்காத ஊர் இல்லை.

இப்படிச் சொல்பவர்கள் குரல் இல்லாதவர்கள் அல்லர். ஒரு வயலில் நின்று அடுத்த வயலுக்குக் கேட்கக் கூப்பிடுபவர்கள். செத்த வீட்டில் ஒப்பாரி சொன்னால் கேட்பவர் நெஞ்சு கரையும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகத் தொடங்கிய போராட்டத்தில், வீதியோரத்தில் நின்று பேசியவர்களில் எத்தனையோ பேர் தாய்மார். அப்படியானால் மேடையில் மட்டும் குரல் ஏன் எடுபடாமல் போகிறது? பெரும்பாலும் குறை குரலில் இல்லை. இடத்துக்குப் பொருந்தாத ஒலிவாங்கியிலும், அதைப் பிடிக்கும் முறையிலும்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரு பின்னேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

சைக்கிள் டைனமோ தந்த பாடம்

1990களில் வடக்கில் மின்சாரம் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்னில் றேடியோச் செய்தி கேட்ட கதை எங்கள் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறது. அந்த டைனமோவுக்குள் ஒரு காந்தமும் ஒரு கம்பிச் சுருளும் உண்டு. ஒன்றன் அருகே மற்றது அசைந்தால் மின் பிறக்கும்.

மேடைகளில் காணும் 'டைனமிக்' வகை ஒலிவாங்கி இயங்குவதும் இதே முறையில்தான். இங்கே சில்லுக்குப் பதிலாக அசைப்பது உங்கள் குரல். குரலின் அதிர்வு உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை ஆட்டும். சவ்வோடு ஒட்டிய சுருள் காந்தத்தின் நடுவே அசையும். பிறக்கும் சிறு மின் வயர் வழியாக அம்பிளிபயருக்குப் போகும். இதற்கு வெளியிலிருந்து மின் கொடுக்கத் தேவையில்லை. புழுதியையும் சிறு விழுகைகளையும் தாங்கும்.

மற்றொரு வகை 'கொண்டென்சர்'. இதில் மிக மெல்லிய தகடு ஒன்று இன்னொரு தகட்டின் அருகே அதிரும்போது மின்னழுத்தம் மாறுகிறது. கலையகங்களில் உள்ள இவ்வகைக்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின் கொடுக்க வேண்டும். மிக்ஸர் அல்லது கணனியோடு இணைக்கும் கருவி அதை வழங்கும். இது பாடுபவரின் மூச்சைக்கூடத் துல்லியமாகப் பிடிக்கும். அடுத்த வளவுக் கோழி கூவினால் அதையும் அப்படியே பிடிக்கும்.

ஆகவே விலையைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "இதை எங்கே பாவிக்கப் போகிறோம்?" என்பதே. சனமும் சத்தமும் உள்ள மேடைக்கு டைனமிக். சத்தம் அடங்கிய அறைக்குக் கொண்டென்சர். வீட்டில் சத்தத்தை அடக்க முடியாதென்றால் வீட்டுக்கும் டைனமிக்கே நல்லது.

மேடைக்கு ஏற்றது

மேடை ஒலிவாங்கி முன்னால் வரும் ஒலியை நன்றாகவும், பின்னால் வருவதை மிகக் குறைவாகவும் எடுப்பதாக இருக்க வேண்டும். 'கார்டியொயிட்' என்று பெட்டியில் எழுதியிருக்கும். உலக மேடைகளில் மிகப் பரவலாகக் காணப்படும் ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம். 58 இந்த வகைதான். 1966இல் வந்த அந்த மாதிரி இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதன் பெயரில் போலிகளும் ஏராளம் வருகின்றன. நம்பமுடியாத மலிவு விலையில் கிடைத்தால் சந்தேகியுங்கள். பெயர் இல்லாவிட்டாலும் நேர்மையான டைனமிக் ஒலிவாங்கி ஒன்று, போலிப் பெயர் தாங்கியதைவிட மேல்.

விழாக்களில் காதைத் துளைக்கும் 'கீ' என்ற கூச்சலை அறிவீர்கள். ஒலிபெருக்கியில் வரும் சத்தம் திரும்பவும் ஒலிவாங்கிக்குள் புகுந்து, பெருகி, மீண்டும் வெளிவருவதே அது. ஒலிபெருக்கிப் பெட்டிகள் பேசுபவருக்குப் பின்னால் நின்றால் கூச்சல் நிச்சயம். பெட்டிகளைச் சனத்தின் பக்கமாக, பேசுபவரைவிட முன்னால் வைக்கச் சொல்லுங்கள். வாடகைக்குக் கொண்டு வருபவரிடம் இதைக் கேட்பது உங்கள் உரிமை.

பின்வாங்கினால் நடப்பது

பழக்கமில்லாத ஒரு பெண் ஒலிவாங்கியின் முன் நின்றவுடன் கூச்சத்தில் ஓரடி பின்வாங்குகிறாள். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால், போய்ச்சேரும் குரலின் அளவு ஏறத்தாழ பாதியாகும். ஒலியைக் கவனிப்பவர் சத்தத்தைக் கூட்டுகிறார். கூட்டியதும் கூச்சல் எழுகிறது. சனம் சிரிக்கிறது. அவள் ஒலிவாங்கியைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறாள். "பொம்பிளையளுக்கு மைக் பிடிக்கத் தெரியாது" என்ற பேச்சும் நிலைத்துவிடுகிறது. சமூகவியலில் நாங்கள் பெரிய பெரிய சொற்களால் விளக்கும் ஒதுக்கல், சில வேளைகளில் இந்த ஓரடித் தூரத்தில் நடந்து முடிகிறது.

மாற்றுவது இலகு. வாயிலிருந்து மூன்று, நான்கு விரல் தூரத்தில் பிடியுங்கள். கிட்டப் பிடித்தால் இவ்வகை ஒலிவாங்கி குரலின் அடித்தொனியைக் கூட்டிக் கொடுக்கும். மெல்லிய குரலுக்கும் ஒரு கனம் வரும். கம்பி வலை உள்ள தலைப்பகுதியைக் கையால் பொத்தாதீர்கள். பொத்தினால் கூச்சல் கூடும். தாங்கியில் நிற்கும் ஒலிவாங்கி உங்களுக்கு முன் பேசிய நெட்டையான மனிதருக்கு உயர்த்தப்பட்டிருந்தால், அவசரப்படாமல் உங்கள் உயரத்துக்கு இறக்குங்கள். சபை காத்திருக்கும்.

வில்லுப்பாட்டு, கும்மி போன்ற குழு நிகழ்ச்சிகளுக்கு ஒன்றை ஐந்து பேர் சுற்றி நிற்பது பயன் தராது. முன்பாட்டுக்கு ஒன்று, பக்கப்பாட்டுக்காரருக்கு ஒன்று என இரண்டாவது வேண்டும்.

வீட்டில் பதிவதற்கு

வீட்டுப் பதிவுக்கு முதலில் காசு செலவழிக்க வேண்டாம். கையில் உள்ள கைத்தொலைபேசியே போதும். அதன் ஒலிவாங்கி பெரும்பாலும் அடிப்பக்கத்துச் சிறு துளையில் இருக்கும். அந்தப் பக்கத்தை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், சற்றுச் சரிவாக வையுங்கள். அழைப்பு வராதபடி விமான நிலையில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வெறும் சீமெந்துச் சுவருள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். மெத்தையும் உடுப்பு நிறைந்த அலுமாரியும் உள்ள அறை நல்லது. தகரக் கூரை வீட்டில் மழை நாளைத் தவிருங்கள்.

'ப' என்ற எழுத்தில் 'பொப்' என்று காற்று மோதினால், பூவேலைக்கு வைத்திருக்கும் வட்டச் சட்டத்தில் பழைய நைலோன் காலுறையை இழுத்துக் கட்டி இடையில் பிடியுங்கள். கடையில் விற்கும் வடிகட்டி செய்யும் வேலையை இது செய்யும்.

அடுத்த படியாக வாங்குவதென்றால், தொலைபேசியில் கொழுவி உடுப்பில் குத்தும் சிறு ஒலிவாங்கி கதை சொல்லவும் நேர்காணலுக்கும் உதவும். உங்கள் தொலைபேசியின் துளைக்குப் பொருந்துமா என்று பார்த்தே வாங்குங்கள். கணனி இருந்தால் யு.எஸ்.பி. வயருடன் வரும் ஒலிவாங்கிக்கு வேறு கருவி தேவையில்லை.

வாங்குமுன் சோதியுங்கள்

கடையில் "ஹலோ, ஹலோ" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு பாட்டின் இரண்டு அடியைப் பாடுங்கள். பின்பக்கம் நின்று பேசி, சத்தம் குறைகிறதா என்று பாருங்கள். கைப்பிடியைத் தடவும்போதும் வயரை ஆட்டும்போதும் கரகரப்பு வரக்கூடாது. சங்கத்துக்கு வாங்குவதென்றால், குழுவில் மிக மெல்லிய குரல் உடைய பெண்ணைக் கூட்டிப் போங்கள். அவருக்குச் சரிவரும் ஒலிவாங்கி மற்ற எல்லோருக்கும் சரிவரும்.

ஏன் இந்தச் சிரமம்?

1995 ஒக்டோபர் இடப்பெயர்விலும், 2009 வரை வன்னியில் ஊர் ஊராக ஓடியபோதும் எங்கள் குடும்பங்கள் அல்பங்களோடு கசெட்டுகளையும் இழந்தன. அம்மாவின் தாலாட்டு, அம்மம்மாவின் ஒப்பாரி, நாற்று நடும் பாட்டு எல்லாம் இப்போது சில முதியவர்களின் நினைவில் மட்டுமே மிஞ்சியுள்ளன. அவர்கள் போனால் அவையும் போய்விடும். பதியுமுன் அவர்களின் சம்மதத்தைக் கேளுங்கள். அழுகை வந்தால் நிறுத்துங்கள். பதிவைவிட அவர் மனம் பெரிது. பதிந்ததை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதைப் பாடியவரே தீர்மானிக்கட்டும்.

மேடைக்கு ஒரு சிறு யோசனை. அடுத்த கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டியதும், பிரதம விருந்தினர் வருவதற்கு முன், வந்திருக்கும் ஒவ்வொரு பெண்ணும் ஒலிவாங்கியை எடுத்துத் தன் பெயரையும் ஊரையும் சொல்லட்டும். பத்து நிமிடம்கூடப் பிடிக்காது. தன் பெயர் பந்தல் முழுக்கத் தெளிவாகக் கேட்பதை ஒருமுறை கேட்டுவிட்டவர், அடுத்தமுறை பின்வாங்குவது அரிது.