‘அவன்’ சூடேற மறுக்கிறானா? ஏன் தெரியுமா?

மட்டக்களப்பு வாவியின் நீளம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 56 கிலோமீற்றர்! அதன் ஒரு கரைக்குப் பெயர் எழுவான்கரை, சூரியன் எழும் பக்கம். மறு கரை படுவான்கரை, சூரியன் படும் பக்கம். வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் வரும் வவுணதீவு இந்தப் படுவான்கரையில்தான் இருக்கிறது.

அங்கே ஒரு வீட்டில் பிறந்தநாள் கேக்கை காஸ் அவனுக்குள் வைத்து ஒரு மணித்தியாலம் ஆகிறது என்று வையுங்கள். திறந்தால் ஒரு பக்கம் கரி, மறு பக்கம் களி! குற்றவாளி யாராக இருக்கலாம் தெரியுமா? ஒரு சிலந்தி!

சிரிக்காதீர்கள்! மாதக்கணக்கில் மூட்டாத அவனின் பர்னர் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டிவிடும். காற்று வரும் வழி அடைபட்டால் தீ மஞ்சளாகித் தள்ளாடும். 2014இல் மஸ்டா கம்பனி 42,000 கார்களைத் திருப்பி அழைத்தது, எதற்காக? பெற்றோல் வாசனைக்கு மயங்கி, தாங்கியின் காற்றுக் குழாயில் வலை கட்டக்கூடிய ஒரு குட்டிச் சிலந்திக்காக! காரையே மடக்கிய பூச்சிக்கு கேக் எந்த மூலை?

காற்றுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? சிலிண்டர் காஸில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய எத்தனை பங்கு காற்று வேண்டும் தெரியுமா? 24! பியூட்டேனுக்கோ 31! 2021 நவம்பர், டிசம்பரில் தீவெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்தபோது தேத்தண்ணிக் கடைப் பேச்சு வரை அடிபட்டதே, அதே புரொப்பேனும் பியூட்டேனும்தான்! தீ நீலமாக நின்றால் நிம்மதி. மஞ்சளாக ஆடினால் காற்று போதவில்லை.

காஸ் சீறி வரும் ஜெட் துளை எவ்வளவு பெரிது? ஒரு மில்லிமீற்றர்கூடக் கிடையாது! கடுகு உள்ளே போகாது! ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கோ கொஞ்சம் கறலோ போதும், தீ பாதியாகிவிடும். உடனே ஊசியை எடுக்காதீர்கள்! குத்தினால் துளை பெருத்து வேறு வம்பு வரும். பர்னரின் தீத்துளைகளை மட்டும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கலாம், அதுவும் சிலிண்டரைப் பூட்டிய பிறகு! ஜெட்டைக் கழற்றுவது காஸ் வேலை தெரிந்தவரின் பாடு.

இனி உண்மையான ஆச்சரியத்துக்கு வருவோம். கரண்டில் மூட்டும் அவன்களில் இக்னைட்டர் என்று ஒரு பொருள் செக்கச்செவேலென்று ஒளிரும், பார்த்திருக்கிறீர்களா? ஒளிர்கிறதே, பிறகென்ன குறை என்று நினைப்போம். அங்கேதான் ஏமாறுகிறோம்! அதன் வழியே ஏறத்தாழ 3 அம்பியர் ஓடினால்தான் காஸ் வால்வு திறக்கும். வயதான இக்னைட்டர் சிவக்கும், ஆனால் போதிய கரண்டை ஓடவிடாது! வால்வு தயங்கித் தயங்கித் திறக்கும். தீ அணைந்து மறுபடி பற்ற வேண்டிய ஒவ்வொரு தடவையும் இதே தாமதம்! வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் சரிபோலத்தான் இருக்கும். 90 செக்கனுக்குள் தீ பிடிக்கவில்லையா? சந்தேகத்தை அதன்மேல் வையுங்கள்.

நெருப்புக்குச்சியால் மூட்டும் ரகமா? அங்கே காவலாளி வேறு. தெர்மோகப்பிள் என்ற சின்னக் குச்சி தீயில் சூடாகித் தானே மின்சாரம் செய்யும்! எவ்வளவு? ஏறத்தாழ 30 மில்லிவோல்ட்! டோர்ச் பற்றரி ஒன்றில் ஐம்பதில் ஒரு பங்கு! அந்தத் துளி மின்சாரம்தான் காஸ் வழியைத் திறந்து பிடித்திருக்கிறது. குச்சியில் கரி படிந்தால், அழுத்திப் பிடித்த குமிழிலிருந்து கையை எடுத்ததுமே தீ போய்விடும்!

ஒரு சிலிண்டரில் எவ்வளவு தண்ணீர் ஒளிந்திருக்கிறது தெரியுமா? காஸ் எரியும்போது நீராவி பிறக்கும். 12.5 கிலோ காஸ் முழுதும் எரிந்தால் அந்த ஆவி ஏறத்தாழ 20 லீட்டர் தண்ணீருக்குச் சமம்! மூட்டியதும் அவன் கண்ணாடி வியர்ப்பது இதனால்தான். அதைப் பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிடாதீர்கள்!

சரி, பாண் சுடும் போறணைக்கு ஏன் இந்த வியாதி இல்லை? உள்ளே விறகு எரித்து, தணலை ஒதுக்கிய பிறகுதான் பாண் உள்ளே போகும்! செங்கல் குடித்து வைத்த சூடே நாலா பக்கமும் வேகவைக்கும். நம் காஸ் அவனோ மெல்லிய தகரப் பெட்டி. தகரம் முழுதும் சூடேறும்வரை பொறுக்க வேண்டும், நாம் பொறுப்பதில்லை! ‘பாண்’, ‘போறணை’ இரண்டுமே போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் தெரியுமா? மட்டக்களப்பில் அவர்கள் கோட்டை கட்டியது 1628இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். பத்தே வருடம்! கோட்டை கைமாறிவிட்டது, பாண் மாறவில்லை!

அவனின் முள் பொய் சொல்கிறதா? சீனியைக் கேளுங்கள்! சீனி உருகுவது ஏறத்தாழ 186 பாகையில். 175இல் வைத்த ஒரு கரண்டி சீனி உருகிவிட்டால் உங்கள் அவன் அளவுக்கு மிஞ்சி எரிகிறான். 190இல் கால் மணித்தியாலம் இருந்தும் உருகவில்லையா? சோம்பேறி! உள்ளே வெப்பம் பார்க்கும் மெல்லிய செப்புக் குழல் கொளுவியிலிருந்து நழுவிச் சுவரில் சாய்ந்திருக்கவும் கூடும். (‘அவன்’ என்று எழுதினாலே ஆளைத் திட்டுவதுபோல இருக்கிறது. என்ன செய்வது, குணமும் ஆளைப் போலத்தானே!)

இன்னொன்று. தட்டு அவனின் அகலம் முழுவதையும் அடைத்தால் சூடான காற்று எந்த வழியால் மேலே போகும்? அடியில் அலுமினியத் தாள் விரிப்பதும் அதே பிழைதான்!

கடைசிச் சோதனைக்கு ஒரு இறாத்தல் பாண் போதும்! துண்டு துண்டாக வெட்டி, கம்பித் தட்டு நிறைய அடுக்கி, 180இல் வைத்துப் பாருங்கள். எல்லாத் துண்டும் ஒன்றாகச் சிவக்காது! உங்கள் அவனுக்குள்ளும் ஒரு எழுவான்கரை, ஒரு படுவான்கரை இருக்கிறது! எது எந்தப் பக்கம் என்று பாண் காட்டிக்கொடுக்கும். பாதி வேக்காட்டில் கேக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கருகிய துண்டுகளைக் கோழி தின்னும்!