வீட்டுக் கடன் இன்னும் முடியல, மெத்தை ஒழுகுது: என்ன செய்யலாம்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணையில் வெள்ளம் கரை புரண்டது. பாதிக்கப்பட்ட விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாயும், சேதமடைந்த குடிசைகளுக்கு 10,000 ரூபாயும் நிவாரணமாக அரசு அறிவித்தது.

தண்ணீர் வடிந்த பிறகுதான் இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிய வந்தது. கடன் வாங்கி ஆசையாகக் கட்டிய மெத்தை வீடு; வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே போனால் சுவரில் ஓதம், கூரைப் பூச்சு உப்பி நிற்கிறது, சுவிட்சைத் தொட்டால் சுருக்கென்கிறது. வங்கித் தவணையோ மாசம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. "இப்போ ரிப்பேருக்குப் பணத்துக்கு எங்கே போறது?" என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட வசதியாக ஓர் எடுத்துக்காட்டு. விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பம்பை ஆற்றங்கரையில் இருக்கிற திருவாமாத்தூரில் 800 சதுர அடி வீடு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன். மாறும் வட்டி 9 சதவீதம், 20 ஆண்டுகள். மாதத் தவணை 17,995 ரூபாய். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சேர்த்து மூணு லட்சம் ஆகும்" என்கிறார். அந்த மூணு லட்சத்துக்கும் உடனே கடன் வாங்கணுமா? வேண்டியதில்லை. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: எது அவசரம், எது ஆசை?

மேஸ்திரி சொன்ன மொத்தத் தொகையை மூன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்க.

1. தண்ணீரும் உறுதியும்: மேல்தள ஒழுகல், விரிசல், வெளியே தெரிகிற கம்பி, மழைநீர்க் குழாய்.
2. பாதுகாப்பு: மின் வயரிங், எர்த், கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் கருவி, கழிவுநீர்க் குழாய்.
3. அழகும் வசதியும்: டைல்ஸ், பெயின்ட், சமையலறை அலமாரி, பால் சீலிங்.

செலவும் இதே வரிசையில்தான் போகணும். ஒழுகல் நிற்காத சுவரில் பெயின்ட் அடித்தால் அடுத்த ஐப்பசி மழையிலேயே உரிந்து வந்துவிடும். அந்தப் பணம் போனது போனதுதான். கூரைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும். அது சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். கம்பி வெளியே தெரிந்தாலோ, கூரையின் அடிப்பகுதி உப்பி உதிர்ந்தாலோ பூச்சு வேலையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்க. அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவல்ல.

மழை விட்டதும் மெத்தை மேல் ஏறி, எங்கெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அங்கெல்லாம் போனில் படம் எடுத்து வச்சுக்குங்க. பல வீடுகளில் கூரையே கெட்டுப்போயிருக்காது. தண்ணீர் ஓட வாட்டம் சரியில்லாமல் இருக்கும், அல்லது மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கும். அப்படியென்றால் செலவு பெரிதும் குறைந்துவிடும். தட்டோடு பதிப்பதோ, நீர்த்தடுப்புப் பூச்சோ எதுவானாலும் தை முதல் வைகாசிக்குள் முடித்துவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நேரத்தில் தளம் சரியாகக் காயாது.

நம் எடுத்துக்காட்டு வீட்டில் முதல் இரண்டு பட்டியலுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் ஆகிறது என்று கொள்வோம். மூன்றாவது பட்டியல் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ காத்திருந்தாலும் வீட்டுக்கு ஆபத்தில்லை. ஆக, இப்போது தேவைப்படுவது மூணு லட்சத்தில் பாதிதான்.

இரண்டாம் படி: இருக்கிற கடனை முதலில் பாருங்க

ரிசர்வ் வங்கி தனது ரெப்போ வட்டியை 2025-இல் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என நான்கு தடவை குறைத்தது. 6.50 சதவீதம் 5.25 ஆனது. 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் மாறும் வட்டியில் புதிதாகக் கொடுத்த வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். அதற்கு முன்பு வாங்கிய கடனாகவோ, வீட்டு வசதி நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனாகவோ இருந்தால், உங்கள் கடன் எந்த அளவுகோலில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

அந்த 1.25 சதவீதக் குறைப்பு முழுசாக வந்து 9 சதவீதம் 7.75 ஆனால் என்ன ஆகும்? நம் எடுத்துக்காட்டில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

• தவணையைக் குறைத்தால், மாதம் 17,995 ரூபாய் சுமார் 16,419 ஆகும். கையில் மாதம் ஏறக்குறைய 1,576 ரூபாய் மிஞ்சும்.
• தவணையை அப்படியே விட்டால், 240 மாதக் கடன் சுமார் 197 மாதத்தில் முடியும்.

பல வங்கிகள் நாம் கேட்காதவரை இரண்டாவது வழியில்தான் விடுகின்றன. அது கெட்ட வழியல்ல. மொத்த வட்டியைப் பார்த்தால் அதுதான் லாபம். ஆனால் கூரை ஒழுகும் நேரத்தில் முதல் வழியையும் கேட்டுப் பார்க்கலாம். பழுது வேலை முடிந்ததும் கூடுதல் தொகையைக் கட்டி வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்டினால் அதற்குக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

இதுவரை கட்டிய அசல், வட்டி, மீதமுள்ள தவணைகள், இப்போதைய வட்டி விகிதம் ஆகியவற்றைக் காட்டும் விவர அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்களுக்குக் கிடைக்க வேண்டும். வங்கி செயலியில் தேடிப் பாருங்க. இல்லையென்றால் கிளையில் எழுத்துமூலம் கேளுங்க.

மூன்றாம் படி: கடன் வாங்கித்தான் ஆகணும் என்றால்

இங்கேதான் பலர் தவறிவிடுகிறோம். "மாசம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்கிறோம். மூணு லட்சத்தையும் கடனாக வாங்கினால் என்ன ஆகும் என்று பாருங்க. வட்டி விகிதங்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே.

• தனிநபர் கடன், 14 சதவீதம், 5 ஆண்டுகள்: தவணை 6,980 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,18,800.
• வீட்டுக் கடன் மேல் டாப்-அப், 8.5 சதவீதம், 15 ஆண்டுகள்: தவணை 2,954 ரூபாய். மொத்த வட்டி சுமார் 2,31,800.
• அதே டாப்-அப், 8.5 சதவீதம், 5 ஆண்டுகள்: தவணை 6,155 ரூபாய். மொத்த வட்டி சுமார் 69,300.

நடுவில் இருப்பதுதான் கேட்க இனிப்பாக இருக்கும். மூன்றாயிரத்துக்கும் குறைவான தவணை! ஆனால் வட்டி விகிதம் குறைவாக இருந்தும், தனிநபர் கடனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வட்டி கட்டுகிறோம். காரணம் காலம். ஐந்தாறு வருஷம் உழைக்கும் நீர்த்தடுப்புப் பூச்சுக்குப் பதினைந்து வருஷக் கடன் போட்டால், பூச்சு போன பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். வேலை எத்தனை வருஷம் தாங்குமோ, கடன் அதற்குள் முடிய வேண்டும். இந்த ஒரு விதியை மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஒன்றரை லட்சம் மட்டும் டாப்-அப், 8.5 சதவீதம், 5 ஆண்டுகள் என்றால் தவணை 3,077 ரூபாய். மொத்த வட்டி சுமார் 34,600. குறைந்த வீட்டுக் கடன் தவணை 16,419-ஐயும் சேர்த்தால் மாதம் 19,496. முன்பு கட்டியதைவிட 1,501 ரூபாய்தான் அதிகம். மூணு லட்சம் வாங்கியிருந்தால் இந்தச் சுமை பல மடங்காகியிருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் கே.எஃப்.எஸ். எனப்படும் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்க. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் புதிதாகத் தரும் சில்லறைக் கடன்களுக்கு இதைக் கொடுத்தாக வேண்டும். செயலாக்கக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த ஒரு எண்ணே போதும்.

வருமான வரியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் குடியிருக்கும் வீட்டுக்கு, பழைய வரி முறையில், வாங்க அல்லது கட்ட வாங்கிய கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு கிடைக்கும். பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கு 30,000 ரூபாய் வரைதான். அதுவும் அந்த 2 லட்சத்துக்குள்ளேயே அடங்கும். புதிய வரி முறையில் இரண்டும் கிடையாது. "வரி மிச்சமாகும்" என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சரிபாருங்க.

நான்காம் படி: அடமானத்தில் இருக்கும் வீடு என்பதை மறக்க வேண்டாம்

திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயிலில் உள்ள வட்டப்பாறை இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரிந்தது. பணத் தகராறு, சொத்துத் தகராறு என்றால் அங்கே போய்ச் சத்தியம் செய்வது வழக்கம். பொய்ச் சத்தியம் பலிக்காது என்பது நம்பிக்கை. இன்றைக்கு நம் வாக்கு பத்திரத்தில் இருக்கிறது. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, வில்லங்கச் சான்றிலும் தெரியும். பதிவுத் துறையின் இணையதளத்தில் போனிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

பூச்சு, பெயின்ட், தரை ஓடு மாற்றுவது போன்ற வேலைகளுக்குப் பொதுவாக வங்கியின் சம்மதமோ கட்டட அனுமதியோ தேவைப்படாது. சுவரை இடிப்பது, அறை கூட்டுவது, மாடி எழுப்புவது என்றால் இரண்டையும் கேட்கணும். கடன் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இதற்கென்று ஒரு நிபந்தனை இருக்கும். நீங்கள் சொந்தக் காசில் கட்டும் புது அறையும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அடமானத்துக்குள்ளேயே சேரும். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கட்டட அனுமதிக்கு ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். உங்கள் வேலைக்கு எது பொருந்தும் என்பதை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்க.

காப்பீட்டையும் பாருங்க. கடன் வாங்கும்போது வங்கி எடுத்துக் கொடுத்த பாலிசி உயிருக்கா, வீட்டுக்கா? பலர் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். வீட்டுக் காப்பீடு என்றால் புயல், வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கேட்க முடியும். 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி நடைமுறையில் உள்ளது. இதில் புயலும் வெள்ளமும் அடங்கும். சேதம் ஏற்பட்டால் பழுது வேலையைத் தொடங்கும் முன்பே படம் எடுத்து நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துவிடணும்.

ரிப்பேர் செலவால் வீட்டுக் கடன் தவணையை மட்டும் தள்ளிப் போடாதீங்க. 90 நாளுக்கு மேல் நிலுவை நின்றால் அது வாராக் கடன் ஆகிடும். அதன் பிறகு வங்கி 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்பி, வீட்டின் மீது நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கஷ்டம் என்று தெரிந்தால் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய்ப் பேசுங்க. அவசரத்துக்குக் கந்து வட்டிக்குப் போக வேண்டாம். அநியாய வட்டி வசூலிப்பதைத் தடுக்க 2003-ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது.

வேலையில் சிக்கனம்

• 100 சதுர அடி ஒரு சதுரம். சதுரத்துக்கு எவ்வளவு என்று இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்க. கூலி மட்டுமா, பொருளோடு சேர்த்தா என்பதை எழுதி வாங்குங்க.
• சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 300 ரூபாய் மூட்டை என்றால் வரியில் மட்டும் 30 ரூபாய் மிச்சம். பில் கேட்டு வாங்குங்க.
• முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்க வேண்டாம். வேலை முடிய முடியக் கொடுங்க. கூரை வேலைக்கு ஒரு பகுதியை முதல் மழை வரை நிறுத்தி வைப்பதாகத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்க.
• பழைய வீட்டில் உடைத்துப் பார்த்தால்தான் பல கோளாறு தெரியும். மதிப்பீட்டுக்கு மேல் பத்து முதல் பதினைந்து சதவீதம் கையில் இருக்கட்டும்.

புகார் எங்கே?

வட்டிக் குறைப்பு வரவில்லை, தேவையில்லாத கட்டணம் போட்டார்கள் என்றால் முதலில் வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்க. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

கடன் முழுசாக முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தை வங்கி திருப்பித் தந்தாக வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். இது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. பத்திரம் கைக்கு வந்ததும், அடமானம் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்து, வில்லங்கச் சான்றை ஒரு முறை எடுத்துப் பார்த்துவிடுங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்றே வேலை. வங்கி செயலியில் இப்போதைய வட்டி விகிதத்தைப் பாருங்க. மெத்தை மேல் ஏறிப் படம் எடுங்க. மேஸ்திரியின் மதிப்பீட்டை மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்க. எவ்வளவு கடன் வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.